கோரமண்டலில் யாரும் வெளிநாடு போகவில்லை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெங்களூரிலிருந்து ரயிலேறி வந்த ஒரு படித்த பெண்ணை நான் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தித் திட்டியிருக்கிறேன். அவள் கேட்டது நியாயமான கேள்வி. தப்பு என் பக்கம்தான் இருந்தது.

பதினாறு வருஷம், தங்கச் சுரங்க ஊரான எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்குத் தையல் கம்பெனி வேலைக்குப் போய்வந்தவள் நான். முட்டி வலி வந்த பிறகு வேலையை விட்டேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது. ரயிலில் பழக்கமான ஒரு தோழிதான் இந்த சர்வே வேலையைப் பற்றிச் சொன்னாள். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம். எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு யார் யார் போகிறார்கள், யார் மூலமாகப் போகிறார்கள், போகும் முன் தாளில் இருந்த வேலைதான் போன இடத்தில் கிடைத்ததா என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேச வேண்டும், வெயிலில் நடக்க வேண்டும், ஒரு டேப்லெட்டைக் கீழே போடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மொழியும் என்னிடம் இருந்தன. முட்டியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

பயிற்சி நாளில் எங்களுக்குப் பாடம் எடுத்தவள்தான் நான் பிற்பாடு திட்டிய அந்தப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. கன்னடக்காரி, ஆனால் தமிழ் நன்றாகவே பேசுவாள். இந்தக் கணக்கை அரசுதான் கேட்டிருக்கிறது என்றாள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவ சில ஊர்களில் மையங்கள் திறக்கப் போகிறார்களாம். எந்த ஊரிலிருந்து அதிகம் பேர் போகிறார்களோ அங்கேதான் மையம். அங்கே அரபி தெரிந்த ஒருவர் இருப்பார், ஒப்பந்தத் தாளைப் படித்து விளக்குவார்.

நான் கையைத் தூக்கினேன். "ஒரிஜினல் வேணுமா மேடம்? போன்ல போட்டோ இருந்தா போதுமா?"

"போட்டோ போதும் அக்கா" என்றாள்.

அந்த நிமிஷத்திலிருந்து அந்த வேலை எனக்குச் சொந்த வேலையாகிவிட்டது. என் கணவர் தோஹாவில் எலக்ட்ரீஷியன். போய்ப் பத்து வருஷம் ஆகிறது. முதல் தடவை அவர் கையெழுத்துப் போட்ட தாளை இங்கே ஒருவரும் ஒழுங்காகப் படிக்கவில்லை. பாதி அரபி, பாதி சட்டத்து இங்கிலீஷ். ஏஜெண்ட் விரல் வைத்த இடத்தில் போட்டார். அங்கே போய் இறங்கியதும் ஸ்க்ரூ டிரைவருக்குப் பதிலாகக் கம்பிக் கட்டைத் தோளில் ஏற்றினார்கள். இரண்டு வருஷம் சுமை தூக்கித்தான் எலக்ட்ரீஷியன் வேலைக்கு வந்தார். நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு என்று அங்கே சூப்பர்வைசர் சொன்னதால், இந்தப் பத்து வருஷத்தில் இரண்டே தடவைதான் ஊருக்கு வந்திருக்கிறார். இப்போது தாள் மறுபடியும் புதுப்பிக்க வந்திருந்தது. பொங்கல் கழிந்து பங்குனியில் கையெழுத்து. அதன் போட்டோவை எனக்கு அனுப்பியிருந்தார். அதைப் படித்துச் சொல்லக் கேட்டு நான் பெங்களூரில் ஒரு நாள் முழுக்க மூன்று ஆபீஸ் ஏறி இறங்கியிருந்தேன். எல்லா இடத்திலும் ஒரிஜினல் கொண்டு வா என்றார்கள். ஒரிஜினல் தோஹாவில் கம்பெனி அலமாரியில் இருக்கிறது. இந்தத் தடவையாவது படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு மையம் எங்கள் ஊருக்கு வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அதனால் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. முதலில் சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய எங்கள் கோரமண்டல் லைன் வீடுகள். டேப்லெட்டில் முதல் கேள்வி இதுதான்: இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த யாராவது இப்போது இந்த வீட்டில் இல்லாமல் வேறு நாட்டில் வசிக்கிறார்களா? ஆமாம் என்று தொட்டால் பெரிய பட்டியல் திறக்கும். இல்லை என்று தொட்டால் நன்றி சொல்லி மூடிக்கொள்ளும். வீட்டார் சொல்வதை அப்படியே போட வேண்டும், நமக்குத் தெரிந்ததைச் சேர்க்கக் கூடாது என்று பயிற்சியில் பத்துத் தடவை சொல்லியிருந்தார்கள். நான் அப்படியே போட்டேன். முருகன் காலண்டர் தொங்கும் வீடு, புத்தர் படத்துக்கு விளக்கேற்றும் வீடு, சிலுவை வைத்த வீடு, எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "அப்படி யாரும் இல்லக்கா." நானும் இல்லை என்று தொட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போனேன். ஒரு வாரத்தில் கோரமண்டலை முடித்துவிட்டேன் என்று எனக்கே பெருமை.

பிறகு பேத்தமங்களா, அப்புறம் பூதிகோட்டை. அங்கெல்லாம் விவசாயக் குடும்பங்கள். கேட்ட உடனே, ஆமாம், பெரியவன் துபாயில் இருக்கிறான், ஊருக்கு வந்து மூன்று வருஷமாகிறது என்று சொல்லிவிட்டார்கள். பட்டியல் திறந்து திறந்து என் கை வலித்தது. அப்போதாவது எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். இருக்கவில்லை. பூதிகோட்டைக்காரர்கள் நிறையப் பேர் போகிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் போன் செய்தாள்.

"அக்கா, கோரமண்டல் முழுக்க ஜீரோ வருது."

"வந்தா இன்னா மேடம்? அவங்க சொன்னத போட்டேன்."

"பாஸ்போர்ட் எடுத்தவங்க விவரம் எங்க கிட்ட இருக்கு. உங்க பக்கம் நிறைய பேர் எடுத்திருக்காங்க. ரெண்டும் ஒத்துப்போகல." கொஞ்சம் தயங்கினாள். "தப்பா நினைக்காதீங்க. எல்லா வீட்டுக்கும் போனீங்களா?"

எனக்கு எப்படி இருந்திருக்கும்! முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெயிலில் அலைந்தவளைப் பார்த்து, வீட்டில் உட்கார்ந்து நிரப்பினாயா என்று கேட்கிறாள். போனை வைத்துவிட்டேன். அன்று செய்த சாம்பாரில் உப்பே போடவில்லை என்று என் மகள் சொன்னாள். அவளையும் திட்டினேன்.

மறுநாள் காலை ரயிலில் அந்தப் பெண் நேராக வந்து இறங்கினாள். என்னோடு சேர்ந்து சில வீடுகளுக்கு மறுபடி போய்ப் பார்க்கலாம் என்றாள். ஸ்டேஷன் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "இன்னா மேடம், நான் பொய்க் கணக்கு எழுதறவளா? எந்த வீட்டுக்கு வேணா வாங்க, எந்த வாசல்ல வேணா கேளுங்க. நான் வந்தனா இல்லையான்னு அவங்களே சொல்லுவாங்க!" டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்துவிட்டது. ஆனால் திரும்பிப் போகவில்லை. "அக்கா, முதல்ல உங்க வீட்டுக்குப் போலாம், தண்ணி குடிக்கணும்" என்றாள்.

வீட்டில் உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தேன். கோபம் வேறு, விருந்தாளி வேறு. அவள் பாதி டீ குடித்துவிட்டு டேப்லெட்டைத் திறந்தாள். என்னை ஒரு வீட்டாராக வைத்துக் கேட்க ஆரம்பித்தாள்.

"இந்த வீட்டுல எத்தனை பேர்?"

"மூணு பேரு. நான், எம் பொண்ணு, அவரு."

"இந்தக் குடும்பத்துல யாராவது இப்ப இங்க இல்லாம, வேற நாட்டுல வசிக்கிறாங்களா?"

"இல்ல."

சட்டென்று சொன்னேன். யோசிக்கவே இல்லை.

"உங்க வீட்டுக்காரர் எங்க இருக்காரு?"

"டூட்டில கீறாரு."

"எங்க டூட்டி?"

"தோஹால" என்று சொன்னவள், சொன்ன வாயை மூடிக்கொண்டேன். அவள் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். பயிற்சி நாளில் பழகிப் பார்க்க அவரவர் வீட்டை நிரப்பச் சொல்லியிருந்தார்கள். கோரமண்டலின் முதல் ஜீரோ என் வீடு. மையம் வேண்டும் என்று இந்த ஊரிலேயே அதிகம் ஆசைப்பட்டவள் நான். என் புருஷனையே நான் எண்ணவில்லை. அவமானமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். ஸ்டேஷன் வாசலில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அது என் வழக்கமில்லை, ஆனால் கேட்டேன்.

அவள் விடவில்லை. "ஏன் அக்கா இல்லன்னு சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பேசப் பேசத்தான் எனக்கே பிடிபட்டது.

எங்கள் அப்பா சுரங்கத்தில் வேலை செய்தார். எனக்கு ஆறேழு வயதிருக்கும்போது யாரோ ஒருவர் வாசலில் வந்து அப்பாவைக் கேட்டார். "அப்பா வீட்ல இல்ல" என்றேன். உள்ளேயிருந்து வந்த அம்மா என் வாயிலேயே ஒன்று வைத்தாள். "ஷிப்ட்ல கீறாருன்னு சொல்லு" என்றாள். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதி, அப்பா தலை தெருமுனையில் தெரியும்வரை அவள் என்னோடு பேசவில்லை. எங்கள் லைனில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். சுரங்கத்தில் இறக்கும் கேஜில் ஏறிக் கீழே போன ஆளை இல்லை என்று சொல்லக் கூடாது. மேலே வராமலே போய்விட்டவர்களைத்தான் இல்லை என்போம். ஷிப்டில் இருப்பவர் வீட்டில் இருப்பவர்தான். அவருக்கும் சேர்த்துத்தான் அரிசி களைவார்கள். பிறகு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஆண்கள் பெங்களூர் ரயில் ஏறினார்கள், கொஞ்சம் பேர் விமானமும் ஏறினார்கள். பேச்சு மட்டும் மாறவில்லை. இது எங்களுக்கு ஒரு வழக்கம் என்றே தெரியாது.

அவள் இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு, "அப்போ கேள்வியத்தான் மாத்தணும். உங்க ஆளுங்கள இல்லன்னு சொல்ல வைக்காம எப்படிக் கேக்கறது?" என்றாள். இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். முதலில் வீட்டில் உள்ள எல்லார் பேரையும் சொல்லச் சொல்வது. பிறகு ஒவ்வொரு பேராக, நேற்று இவர் எங்கே தூங்கினார் என்று கேட்பது. அவ்வளவுதான்.

அன்று மத்தியானமே பக்கத்து வீட்டில் கேட்டுப் பார்த்தோம். அந்த வீட்டுத் தங்கச்சி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் நாலு பேர் என்றாள். அவள் புருஷன் நேற்று எங்கே தூங்கினார் என்று கேட்டேன். "மஸ்கட்ல. ரூம்ல ஏழு பேருக்கா. இவருக்கு மேல் கட்டில். ஏசி நேரா மூஞ்சில அடிக்குதாம், சளி புடிச்சிக்கிச்சி" என்று தடையில்லாமல் வந்தது. போன வாரம் இதே வாய்தான் யாரும் இல்லை என்று சொல்லியிருந்தது. பெங்களூர்ப் பெண் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

கோரமண்டல் முழுக்க மறுபடி நடந்தேன், ஒத்துப் பார்க்க விவசாய ஊர்களிலும் சில வீடுகளில் கேட்டேன். கேலிக்குக் குறைவில்லை. பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர், "இன்னாம்மா, நாங்க எங்க தூங்கறோம்னுகூட கவர்மெண்ட்டுக்குத் தெரியணுமா?" என்றார். கேலி முடிந்ததும் குவைத்தில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கும் தன் மகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். ஒரு வீட்டில் ரேஷன் கார்டிலிருந்து பேரை எடுத்துவிடுவீர்களா என்று பயந்தார்கள். அதையும் எழுதிக்கொண்டேன், அப்படிப் பயப்படுகிறவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்பதும் நிறுவனத்துக்குத் தெரிய வேண்டுமாம். கேட்கக் கேட்கத்தான் எங்கள் லைனில் இத்தனை பேர் அந்தப் பக்கம் தூங்குகிறார்கள் என்று எனக்கே தெரிந்தது.

ஆய்வு முடிந்து பெங்களூரில் அதிகாரிகளுக்கு விளக்கும் கூட்டத்துக்கு அந்தப் பெண் என்னையும் கூப்பிட்டிருந்தாள். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். பெரிய மேஜை, எல்லார் முன்னாலும் தண்ணீர் பாட்டில். அவள் இரண்டு வரைபடத்தைப் போட்டுக் காட்டினாள். முதல் கேள்வியில் கோரமண்டல் வெறும் வெள்ளை. இரண்டாவது கேள்வியில் வீட்டுக்கு வீடு சிவப்புப் புள்ளி. ஓர் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நடுவில் கேள்வியை மாற்றினால் அது எப்படி முறையான ஆய்வாகும் என்று கேட்டார். நல்ல கேள்விதான் என்று அவள் பிற்பாடு சொன்னாள். எனக்கு அப்போது அப்படித் தோன்றவில்லை. எழுந்துவிட்டேன். "சார், நான் இந்த லைன்லயே பொறந்தவ. எம் புருஷன் தோஹால கீறாரு. முதல் கேள்விக்கு நானே இல்லன்னுதான் பதில் சொன்னேன். அந்தக் கணக்க வெச்சி மையம் எங்க வைக்கறதுன்னு முடிவு பண்ணா, எங்க ஊருக்கு எப்பவும் வராது" என்று கன்னடத்தில் சொன்னேன். மேஜைக்கு அடியில் அவள் என் காலை மிதித்தாள். அதற்குள் நான் சொல்லி முடித்துவிட்டிருந்தேன். பிறகு அவள் நிதானமாக, எந்தெந்த வீட்டில் இரண்டு கேள்வியும் கேட்டோம், பதில் எங்கே மாறியது, விவசாய ஊர்களில் ஏன் மாறவில்லை என்று தாள் தாளாக எடுத்துக் காட்டினாள். நான் போட்ட சத்தத்தைவிட அந்தத் தாள்கள்தான் வேலை செய்தன. அந்த அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வாங்கிப் படித்தார்.

மையம் வந்தது. வாரத்தில் இரண்டே நாள்தான், ஒரே அறைதான், மின்விசிறி சத்தம் போடுகிறது. ஆனால் வந்தது. திறந்த அன்று எட்டு மணிக்கே போய் நின்றேன். எனக்கு முன்னால் ஐந்து பேர் நின்றார்கள். எல்லாரும் எங்கள் லைன்காரர்கள். யாரும் இல்லை என்று என்னிடம் சொன்னவர்கள்தான்.

உள்ளே இருந்தவர் இருபது வருஷம் சவுதியில் வேலை செய்துவிட்டு வந்தவர். அரபி வாசிப்பார். என் போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தார். வேலை எலக்ட்ரீஷியன், சரி. வேலை நேரம் சரி. தங்குமிடம் சரி. பிறகு ஓரிடத்தில் நின்றார்.

"வூட்டுக்காரரு கடைசியா எப்போ வந்தாரு?"

"ரெண்டு வருஷம் ஆச்சிங்க. நாலு வருஷத்துக்கு ஒரு தரம்தான் லீவு."

"யாரு சொன்னது? ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம்னு கீது. நாப்பத்தஞ்சி நாளு. டிக்கெட் கம்பெனி போடணும்." பழைய தாள் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, முன்பு அனுப்பிய போட்டோக்களை நான் அழிக்கவே இல்லை. அதைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அதிலும் அதே வரிதான். அதற்கு முந்தையதிலும்.

வெள்ளிக்கிழமை தோஹாவில் விடுமுறை. காலையில் என் கணவர் போன் செய்தார். சொன்னேன். அவர் வாய்க்குள் வருஷங்களை எண்ணினார். பிறகு, "அப்போ அம்மா செத்த வருஷம்?" என்றார்.

அவர் போய் ஆறாவது வருஷம் அது. அவர் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனதை போனில்தான் பார்த்தார். நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

"ஆமாங்க. அந்த வருஷம் உங்களுக்கு லீவு இருந்திச்சி" என்றேன். மறைத்து என்ன பண்ணப் போகிறேன்! அவர் அழுதார். நானும் அழுதேன். பிறகு எனக்கு வழக்கம்போலக் கோபம் வந்தது. "இப்பவும் இருக்குது. பேப்பர்ல கீது. யாரையும் கெஞ்ச வாணாம், அந்த வரியக் காட்டிக் கேளுங்க. கேக்காம கையெழுத்துப் போட்டீங்கன்னா அப்புறம் நான் பேசமாட்டேன்" என்றேன்.

கேட்டார். கம்பெனிக்காரர்கள் மறுக்கவில்லை. கேட்டிருந்தால் முன்பே கொடுத்திருப்போம் என்றார்களாம். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பத்தே நாளில் டிக்கெட்டின் போட்டோ என் போனுக்கு வந்தது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், பெங்களூர் விமான நிலையம்.

மையம் அடுத்துத் திறந்த நாளில் அதையும் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். டிக்கெட் இங்கிலீஷில்தான் இருந்தது, எனக்கே வாசிக்கத் தெரியும். இருந்தாலும் போனை அந்த அரபி வாசிக்கிறவரிடம் நீட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பேரையும் தேதியையும் வந்து இறங்கும் நேரத்தையும் படித்தார். இன்னொரு தரம் படியுங்கள் என்றேன். படித்தார்.